கடலிடம் கற்றவர்

கொற்கையும் காயலும் மண்ணேறித் தூர்ந்தபின், பாண்டிநாட்டு முத்தின் பெருமையைத் தாங்கி நின்றது தூத்துக்குடி. அத்துறைக்கு எதிரே கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டுகளைப் பரதவர் 'பார்' என்பர். முத்துச் சிப்பிகள் வாழ்வது அங்கேதான். சில ஆண்டுகள் கோடிக்கணக்கில் செறிந்திருக்கும் சிப்பிகள், பின்னர்ப் பல ஆண்டுகள் கண்ணிலேயே படா. இப்புதிரை ஆராய்வதில் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்டவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

1865இல் பிறந்த ஹார்னெல், ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவில் கடல் உயிரியல் நிலையம் நடத்தி வந்தார். 1902இன் தொடக்கத்தில், லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனுக்குத் துணையாக இலங்கை வந்தார். நெடுநாள் பொய்த்திருந்த முத்துக்குளிப்புக்கு வழிகாண்பதே அவர்கள் பணி. சில மாதங்களில் பேராசிரியர் நாடு திரும்பினார், ஹார்னெல் தங்கிவிட்டார்.

அவ்வாண்டு மார்ச்சில், மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பகுதியிலுள்ள பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் எண்ணிலடங்காமல் ஒட்டிக் கிடந்தன. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தபின், நவம்பரில் ஹார்னெல் மீண்டும் அங்கே சென்றார். பார் வெறுமையாகக் கிடந்தது. ஒரு குளியாளியின் கையும் படாமலேயே அத்தனை சிப்பிகளும் மறைந்திருந்தன. காற்றும் நீரோட்டமும் கடலடி மணலைப் புரட்டுவது, திருக்கை முதலிய மீன்கள் சிப்பிகளைத் தின்பது ஆகியவற்றை அவர் கூர்ந்து ஆராய்ந்தார். ஆபத்தான பாரிலுள்ள இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றலாம் என்னும் கருத்தும் அக்காலத்தே எழுந்தது.

பிறகு நல்ல காலம் வந்தது. 1905இல் மட்டும் இலங்கைப் பகுதியில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. பெருவிளைச்சல் கண்ட இடத்தில் முதலாளிகள் கூடுவது புதிதன்று. 1906இல் லண்டன் நிறுவனம் ஒன்று அப்பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மறு ஆண்டோடு விளைச்சல் நின்றது. 1912இல் நிறுவனமும் கலைந்தது. குத்தகைக் காலத்தைக் கடல் ஒப்புக்கொள்ளவில்லை!

தூத்துக்குடிப் பார்களைப் பற்றி 1905இலேயே சென்னை அரசுக்கு அறிக்கை அளித்திருந்த ஹார்னெல், பின்னர் மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து, அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். இங்கே சலாபம் விரும்பியபோதெல்லாம் நடந்ததன்று. குளியாளிகள் மூழ்கிச் சிப்பிகளை எடுத்துவந்தனர். அவற்றின் வயதும் அவற்றிலுள்ள முத்துகளின் மதிப்பும் கணிக்கப்பட்டன. முற்றாவிடில் காத்திருக்க வேண்டியிருந்தது. மிகுதியாகக் காத்திருந்தாலோ, சில ஆண்டுகளே வாழும் சிப்பி தானே மடிந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்தை அறிவதே பெரும் கலையாக இருந்தது. சங்கு குளிப்பிலும் இத்தகைய கட்டுப்பாடு இருந்தது. சங்குகளை அளந்து பார்த்து, சிறியனவற்றை உயிரோடு கடலிலேயே விட்டுவிட்டனர். இத்தொழிலின் நுணுக்கங்களையெல்லாம் 1914இல் வெளிவந்த தம் சங்கு பற்றிய நூலில் அவர் பதிவு செய்தார்.

நூலறிவு மட்டும் போதும் என்று அவர் கருதவில்லை. பரதவரின் தோணி, வலை, வழக்கம் அனைத்தையும் ஆராய்ந்தார். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1924இல் ஓய்வு பெற்றபின் பசிபிக் தீவுகளுக்கும் சென்று அங்குள்ள படகுகளை ஆராய்ந்தார். 1949இல் மறைந்தார்.

அதற்குப்பின் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் சலாபம் நடைபெற்றது. அதன்பின் பார்கள் மீண்டும் அத்தகைய விளைச்சலைத் தரவில்லை. 1973இல் அதே ஊரின் மத்தியக் கடல்மீன் ஆய்வு நிலையத்தில், வளர்ப்புச் சிப்பியிலிருந்து முத்து உருவாக்கப்பட்டது.