புரூன்னர்: குடல் சுரப்பிக்குப் பெயர் தந்தவர் - பயாப்ஸி 'நார்மல்' என்றாலும் கட்டி இருப்பது ஏன்?

அந்தமானின் பாராடாங் தீவில் ஒருவருக்கு மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனைக்கு ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர் போகணும். ஜலசந்தியைப் படகில் கடந்து, ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதி வழியே, குறித்த நேரத்தில் மட்டும் கிளம்பும் வாகன வரிசையில் சுமார் 100 கி.மீ. பயணம்.

அவ்வளவு தூரம் போய் பயாப்ஸி முடிவு 'நார்மல்' என்று வந்தால், நிம்மதியாகத் திரும்பிவிடலாமா? எப்போதும் முடியாது. காரணம் புரிய, 17-ம் நூற்றாண்டு மருத்துவர் ஒருவரின் கதை உதவும்.

யார் இந்த புரூன்னர்?

யோஹான் கோன்ராட் புரூன்னர் 1653-ல் சுவிட்சர்லாந்தின் டீசன்ஹோஃபனில் பிறந்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் படித்து, 1672-ல் 19 வயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கினார். பாரிஸில் உடற்கூறியல் கற்று ஊர் திரும்பியவர், பிரபல மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபரின் மகளை மணந்தார்.

கணையச் சாறு இல்லாவிட்டால் உடல் இயங்காது என்று பலர் நம்பிய காலம் அது. புரூன்னர் சோதித்துப் பார்த்தார். நாய்களின் கணையத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார். நாய்கள் பிழைத்தன. 1683-ல் இதை நூலாக வெளியிட்டார். அறுவைக்குப் பின் அடங்காத தாகமும், அடிக்கடி சிறுநீரும் இருந்ததையும் அதில் பதிவு செய்தார்.

இன்று பார்த்தால் அவை சர்க்கரை நோயின் அறிகுறிகள். அவருக்கு அது தோன்றவில்லை. கணையம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் நாய்கள் தேறிவிட்டன. கணையத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு உறுதியாக 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹைடல்பெர்க்கில் பேராசிரியரான பிறகு, 1687-ல் மனிதனின் முன்சிறுகுடலில் உள்ள சின்னஞ்சிறு சுரப்பிகளை விவரித்தார். மாமனார் வெப்ஃபர் அவற்றை முன்பே கவனித்திருந்தாலும், பெயர் மருமகனுக்கே நிலைத்தது. இவை இரண்டாவது கணையம் என்று புரூன்னர் கருதினார். அந்தக் கணிப்பு தவறு. வயிற்று அமிலம் குடலை அரிக்காமல் இருக்க, காரத்தன்மை கொண்ட சளியைச் சுரப்பதே இவற்றின் முக்கிய வேலை. 1727-ல் மான்ஹைமில் அவர் இறந்தார்.

சுரப்பி பெருத்தால் என்ன ஆகும்?

இந்தச் சுரப்பிகள் சிலருக்கு அளவுக்கு மீறி வளர்ந்து கட்டியாகின்றன. பெரும்பாலும் 1 முதல் 2 செ.மீ. அளவுதான். பலருக்கு அறிகுறியே இருக்காது, வேறு எதற்கோ எண்டோஸ்கோபி செய்யும்போது தென்படும். பெரிதானால் ரத்தக்கசிவு, ரத்தசோகை, குடல் அடைப்பு வரலாம். புற்றுநோயாக மாறுவது மிக அரிது.

பயாப்ஸி ஏன் ஏமாற்றுகிறது?

சுரப்பிகள் பெரும்பாலும் குடலின் மேல் சவ்வுக்கு அடியில் இருக்கின்றன. பயாப்ஸி இடுக்கி கிள்ளி எடுப்பதோ மேல் சவ்வை. அது நார்மலாகவே இருக்கும். கட்டி கீழே அப்படியே இருக்கும். அதனால்தான் எண்டோஸ்கோபியோடு அல்ட்ராசவுண்டையும் இணைத்து, கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். கட்டியை முழுசாக அகற்றிச் சோதித்தால்தான் பல சமயம் பதில் உறுதியாகும். காம்புள்ள கட்டி என்றால் எண்டோஸ்கோபி வழியாகவே எடுத்துவிடலாம். மிகப் பெரியவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

நீங்கள் என்ன செய்யணும்?

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும். அது இல்லாமல் கருப்பாகப் போனால் தள்ளிப்போடாதீர்கள். தலைசுற்றலும் சேர்ந்தால் அது அவசரம். கட்டி கண்ணில் பட்டும் பயாப்ஸி நார்மல் என்றால், மாதிரி எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது, அடுத்த பரிசோதனை என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். பாராடாங்கில் இருப்பவருக்கு ஊர் திரும்பும் முன் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.