மேய்ச்சல் வெளிக்குப் போன பள்ளிக்கூடம்
தாராபாய் மோடக் அம்மையார் வாழ்க்கை

பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் குற்றம் பிள்ளை மீதா, பள்ளி மீதா? பள்ளி மீதுதான் என்று முடிவு செய்து, பள்ளியையே மாற்றிக் காட்டியவர் தாராபாய் மோடக் அம்மையார்.

1892-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி மும்பையில் பிறந்தார். தந்தை சதாசிவ கேல்கர், பிரார்த்தனை சமாஜத்தைச் சேர்ந்த சீர்திருத்தவாதி. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாக இருந்த காலத்தில், 1914-ல் தாராபாய் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் மோடக் என்ற வக்கீலை மணந்தார். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. 1921-ல் கணவரைப் பிரிந்தார்.

வேலையை உதறினார்

ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பதவி கிடைத்தது. நல்ல சம்பளம், நல்ல மதிப்பு. ஆனாலும் அந்தப் பதவியை விட்டுவிட்டுப் பாவ்நகருக்குப் போனார். அங்கே வக்கீல் தொழிலைத் துறந்த கிஜுபாய் பதேகா, மாண்டிசோரி முறையைத் தழுவி 1920-ல் ஒரு பாலர் பள்ளி தொடங்கியிருந்தார். அங்கு அடி கிடையாது, அதட்டல் கிடையாது. 1926-ல் இருவரும் சேர்ந்து 'நூதன் பால சிக்ஷண சங்கம்' என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள்.

1936-ல் அம்மையார் மும்பை திரும்பி, மாதுங்காவை அடுத்த தாதரில் 'சிசு விகார்' பள்ளியை நிறுவினார். ஆனால் ஒரு கவலை அவரை அரித்தது. மாண்டிசோரி கருவிகளின் விலை அதிகம். ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்வி எட்டுவது எப்படி?

முற்றத்தில் வகுப்பு

விடை தேடி 1945-ல், இன்றைய பால்கர் மாவட்டத்தில் உள்ள போர்டி கிராமத்துக்குச் சென்றார். அனுதாயி வாக் அம்மையாரும் அவருடன் சேர்ந்துகொண்டார். விலை உயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், விதை, இலை ஆகியவை பாடப் பொருள்கள் ஆயின.

பள்ளி திறந்தும் பழங்குடிப் பிள்ளைகள் வரவில்லை. உடனே அவர்கள் குடியிருப்பின் முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். அதுவே அங்கன்வாடி. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் சிறுமிகள் வரவில்லை. அதற்காகப் பள்ளியோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்தார். 1957-ல் இந்தப் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது.

1962-ல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1973 ஆகஸ்டு 31-ந் தேதி மறைந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1975-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரே வழங்கலாயிற்று.

பெற்றோருக்குப் பாடம்

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி படிப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு எழுத்து மெல்ல வரும். ஒரு பிள்ளையால் ஒரே இடத்தில் உட்கார முடியாது. இத்தகைய பிள்ளைக்குப் பள்ளி தேடும் தாராவி, செம்பூர்ப் பெற்றோர், பெரிய கட்டிடத்தையும் பக்கத்து வீட்டார் சொல்லையும் பார்த்து முடிவு செய்யத் தேவையில்லை. பிள்ளை தடுமாறும்போது அந்தப் பள்ளி தன் முறையை மாற்றிக்கொள்கிறதா, அல்லது பிள்ளையை மக்கு என்று ஒதுக்குகிறதா என்று விசாரித்தால் போதும். மாற்றிக்கொள்ளும் பள்ளி, சிறியதானாலும் நல்ல பள்ளியே!