கணையத்தின் புதிர் அவிழ்த்த ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி

ஐன்ஸ்டீனுக்குக் கணிதம் கற்பித்த ஹெர்மன் மின்கோவ்ஸ்கியை இயற்பியல் மாணவர்கள் அறிவர். அவருடைய அண்ணன்தான் ஆஸ்கர். 1858-இல், ருஷ்யப் பேரரசின் கீழிருந்த லித்துவேனியாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவனாயிருக்கையிலேயே குடும்பம் ஜெர்மனியின் கோனிக்ஸ்பர்க் நகரில் குடியேறியது. அங்கே மருத்துவம் பயின்று, பேராசிரியர் நௌனினின் உதவியாளராகி, அவருடனேயே ஸ்ட்ராஸ்பர்க் சென்றார்.

1889-இல் அங்கே வான் மெரிங் என்பவரோடு உரையாடுகையில் ஓர் ஐயம் எழுந்தது. கணையம் இல்லாவிடில் கொழுப்பு செரிக்குமா? கணையத்தை முழுதும் அகற்றினால் விலங்கு பிழைக்காது என்பது அக்கால எண்ணம். மின்கோவ்ஸ்கி ஒரு நாய்க்கு அறுவை செய்து அகற்றியே விட்டார். நாய் பிழைத்தது, ஆனால் நன்கு பழக்கப்பட்டிருந்த அது, ஓயாமல் தரையில் சிறுநீர் கழித்தது. சோதித்தார், சர்க்கரை மிகுந்திருந்தது! ஈ மொய்த்ததைக் கண்டே இது தெரிந்தது என்றொரு கதை உண்டு. அது சுவையானதே, நம்பத்தக்கதன்று.

சரி, நோய்க்குக் காரணம் என்ன? கணையநீர் குடலுக்குச் செல்லாததா, வேறு ஏதேனுமா? இங்கேதான் அவருடைய மதிநுட்பத்தைக் காண்கிறோம். நாயின் கணையத்தில் ஒரு துண்டை அதன் வயிற்றுத் தோலுக்கடியில் பதித்தார். எஞ்சியதை அகற்றினார். துண்டிலிருந்து குடலுக்கு வழியே இல்லை. ஆயினும் நீரிழிவு வரவில்லை. பின்னர் அத்துண்டையும் எடுத்தார், நோய் வந்தது. ஆகவே, கணையம் ஏதோ ஒரு பொருளை நேரே இரத்தத்தில் கலக்கிறது என்பது தெளிவாயிற்று. 1890-களின் தொடக்கத்தில் பிரான்சில் எடோனும் இவ்வாறே செய்து காட்டினார்.

அப்பொருளாகிய இன்சுலினை 1921-இல் டொராண்டோவில் பிரித்தெடுத்தவர்கள் பாண்டிங்கும் பெஸ்டும். மின்கோவ்ஸ்கி அதையும் கண்டு, 1931-இல் மறைந்தார்.

கோவிலம்பாக்கத்தில் என் பாட்டி நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். வீட்டில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவன் நான் என்பதால், இந்த ஊசி இல்லாமல் முடியாதா என்று என்னைத்தான் கேட்பார்.

1972-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பாலிஞ்சரும் லேசியும் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை மட்டும் பிரித்து, நீரிழிவுற்ற எலிகளுக்குள் வைத்தனர், சர்க்கரை குறைந்தது. 2000-இல் கனடாவின் எட்மன்டனில் ஏழு நோயாளிகள் இம்முறையால் ஊசியின்றி இருந்தனர்; பின்னாளில் பலருக்கு மீண்டும் ஊசி தேவைப்பட்டது. பிறர் உயிரணுவை உடல் எதிர்ப்பதால், அதை அடக்கும் மருந்தையும் தொடர்ந்து உண்ண வேண்டும். மின்கோவ்ஸ்கிக்கு இத்தொல்லை நேரவில்லை. அவர் பதித்தது அந்த நாயின் சொந்தக் கணையம்.