காந்தியடிகளின் ஐயம் தீர்த்த ஸ்ரீமத் ராஜசந்திரர்

சௌராட்டிர நாட்டில் மோர்பிக்கு அருகிலுள்ள வவாணியா என்னும் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு வணிகர் குடியொன்றில் தோன்றியவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். பாட்டனார் கண்ணனை வழிபட்டவர். அன்னையாரோ சமணக் குடியில் வந்தவர். இளமையில் பாட்டனாரோடு கண்ணன் பாடல்களைக் கேட்டு உருகிய சிறுவர், பின்னர்ப் பிரதிக்கிரமண நூல்களைப் பயின்றபோது, எல்லா உயிர்களிடத்தும் பொறுத்தருள வேண்டும் பகுதிகளில் உள்ளம் தோய்ந்தார். பிற சமயத்தாரின் பக்தியை அவர் வெளியே நின்று கண்டவரல்லர்; உள்ளிருந்தே உணர்ந்தவர். பின்னாளில் அவர் பிறர்க்கு அறம் உரைத்த முறைக்கு இதுவே வித்து என்பது என் கருத்து.

1887இல் பம்பாயில் நூறு செய்திகளை ஒருங்கே மனத்திற் கொள்ளும் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் எய்தினார். அப்புகழ் ஆன்ம நாட்டத்திற்குத் தடையெனக் கண்டு, விரைவில் அதனைக் கைவிட்டார். மணி வணிகமே அவர்தம் தொழில். கணக்கேடுகளின் அருகே சமய நூலொன்றும் நாட்குறிப்பும் எப்பொழுதும் இருக்கும். வணிகப் பேச்சு முடிந்த மறுகணமே அவற்றுள் ஒன்று விரியும்.

1891 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள், டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் அவரை முதன்முதலாகச் சந்தித்தார். காந்தியடிகளுக்கு அப்போது வயது 21, ராஜசந்திரருக்கு 23. வழக்கொன்றும் கிடையாத அவ்விளம் வழக்கறிஞர் கடைக்கு வரும்போதெல்லாம், நிகரானவரோடு உரையாடுவது போன்றே ராஜசந்திரர் அவரோடு ஆன்மப் பொருள்களைப் பேசினார்.

1893இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்கா சென்றார். பிரிட்டோரியா நகரில் கிறித்தவ நண்பர்கள் பலர் அவரைத் தம் சமயத்திற்கு அழைத்தனர். அவருள் கோட்ஸ் என்பார், காந்தியடிகளின் கழுத்திலிருந்த துளசிமணி மாலையைக் கண்டு, அது மூடநம்பிக்கை என்றும் அறுத்தெறிய வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அம்மாலை அன்னையார் அணிவித்தது. தானே தேய்ந்து அறும் வரை அதனை அகற்ற இயலாது எனக் காந்தியடிகள் மறுத்துவிட்டார். கோட்ஸ் நல்லவர், அவர்தம் அன்பும் மெய்யானதே. ஆயினும் மாலையைக் கண்ட அவர், அதனை அணிவித்த தாயைக் கண்டாரில்லை.

பல திசையினின்றும் வந்த அழைப்புகளால் உள்ளம் கலங்கிய காந்தியடிகள், 1894இல் 27 வினாக்களை எழுதி ராஜசந்திரருக்கு அனுப்பினார். ஆன்மா யாது, இறைவன் உலகைப் படைத்தவனா, வீடுபேறு யாது என்பன அவற்றுட் சில. விடை அவ்வாண்டு அக்டோபரில் எழுதப்பெற்றது. இறைவன் உலகைப் படைத்தவனல்லன் என்னும் நம் கொள்கையை அதில் அவர் மறைத்தாரல்லர், தெளிவாகவே உரைத்தார். (நம் சிராவகர் இல்லங்களில் பிள்ளைகள் இதே வினாவை எழுப்பும்போது, விடையினும் அதட்டலே முந்திக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன்.)

பாம்பு கடிக்க வரின் கடிக்க விடுவதா, கொல்வதா என்பது இறுதி வினா. கடிக்க விடுக என்று தமக்குச் சொல்லவே தயக்கமாக உள்ளது என ராஜசந்திரர் முதலில் ஒப்புக்கொண்டார். உடல் நிலையாதது என உணர்ந்தவர் அதன்பொருட்டு ஓர் உயிரைக் கொல்ல நியாயம் இல்லை என்றும், அவ்வுணர்வு வாய்க்காதவருக்கும் கொல்லுமாறு கூறத் தம்மால் இயலாது என்றும் அதன் பின்னரே எழுதினார். கொல்லாமையில் அணுவளவும் விட்டுக்கொடாமலே, அச்சம் கொண்ட மானிடரோடும் அவர் நின்றார்.

அவர் அனுப்பிய நூல்களோ வியப்பிற்குரியன. பஞ்சீகரணம், மணிரத்னமாலை, யோகவாசிட்டத்தின் முமுட்சுப் பகுதி ஆகியவை வேதாந்தம் சார்ந்தவை. அவற்றோடு சென்ற சமண ஆசிரியர் நூல், ஹரிபத்திர சூரியின் ஷட்தரிசன சமுச்சயம். அதுவும் ஆறு தரிசனங்களையும் எடுத்துரைப்பது. இந்து சமயத்தைப் பொறுமையுடன் ஆழ்ந்து பயிலுமாறே காந்தியடிகளுக்கு அவர் அறிவுறுத்தினார். தம் பக்கம் இழுக்க எளிதாய் இருந்த வேளையில் இவ்வாறு எழுத எத்துணை அடக்கம் வேண்டும்! அநேகாந்தத்தை மேடையில் விளக்குவதினும் இது அரிது.

1896இல் நடியாதில் இயற்றிய 142 பாக்களாலான ஆத்மசித்தியிலும் இதே நெறியைக் காணலாம். ஆன்மா உண்டு என்று குரு நிறுவுமுன், இல்லை எனத் தோன்றுவதற்கான காரணங்களை மாணாக்கன் தடையின்றி எடுத்துரைக்கிறான்.

1901 ஏப்ரலில், தம் 33ஆம் வயதில், ராஜ்கோட்டில் ராஜசந்திரர் மறைந்தார். காந்தியடிகள் அவரைக் குருவாக வரித்தவரல்லர், சமணத்தில் சேர்ந்தவருமல்லர். எனினும் தம் சுயசரிதையில் அவருக்கென ஓர் அதிகாரம் வகுத்து, தம் வாழ்வில் ஆழப் பதிந்த மூவருள் டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோர்க்கு முன்னதாக அவர் பெயரையே குறித்துள்ளார்.