மகனைப் பிரிந்த மாண்டிசோரி அம்மையார்
குழந்தைக் கல்விக்குப் புது வழி காட்டியவரின் வாழ்க்கை

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சின்னஞ்சிறு குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களின் பலகைகளில் மாண்டிசோரி என்ற பெயரைக் காணலாம். அது ஒரு ஊரின் பெயரா, பாடத்தின் பெயரா என்று பெற்றோர் பலருக்குத் தெரியாது.

அது ஒரு பெண்மணியின் பெயர். இத்தாலி நாட்டில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர். தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்.

குழந்தைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர் அவர். ஆனால் தாம் பெற்ற ஒரே மகனை அருகில் வைத்து வளர்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. மகன் பிறந்து சுமார் 15 ஆண்டுகள் பிரிந்திருந்தார். பிறகு அவனை அழைத்துக்கொண்ட போதும், ஊருக்கு முன்னால் மகன் என்று சொல்ல முடியவில்லை. அந்த உறவு சர்க்கார் வாயாலேயே வெளிப்பட்ட இடம், சென்னை அடையாறு.

பிடிவாதக்காரப் பெண்

மேரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் கியராவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். தாய் ரெனில்டே நன்றாகப் படித்தவர். மேரியா ஒரே குழந்தை. அவர் சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

படித்த பெண் என்றால் பள்ளி ஆசிரியை ஆகலாம். வேறு வேலை கிடையாது. இதுதான் அக்கால வழக்கம். தந்தையும் மகள் ஆசிரியை ஆகவேண்டும் என்றே விரும்பினார். மகளோ வேறு எது வேண்டுமானாலும் ஆவேன், ஆசிரியை மட்டும் ஆகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். முதலில் என்ஜினீயர் ஆக ஆசைப்பட்டு, ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு டாக்டர் ஆவது என்று முடிவு செய்தார்.

தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தாய் மகளின் பக்கம் நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் மாண்டிசோரி பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கும்போது ஆண் மாணவர்களுடன் ஒரு பெண் இருக்கக்கூடாது என்றார்கள். மாலையில் எல்லாரும் போன பிறகு, பிணங்கள் கிடக்கும் அறையில் அவர் தன்னந்தனியாக இருந்து படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று அவரைச் சிலர் சொல்வதுண்டு. முதல் சில பெண் டாக்டர்களில் ஒருவர் என்பதே சரி.

தரையில் கிடந்த ரொட்டித்துகள்

டாக்டர் ஆனதும் ரோமாபுரியின் மனநோய் விடுதிகளுக்குப் போய்வந்தார். அங்கே புத்தி வளர்ச்சி குறைந்த குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். அறையில் விளையாட்டுச் சாமான் ஒன்றுகூட இல்லை. சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித்துகள்களைப் பொறுக்குவார்கள். பசி தீராமல் பொறுக்குகிறார்கள் என்று விடுதிக்காரர்கள் நினைத்தார்கள்.

மாண்டிசோரி உற்றுப் பார்த்தார். பசிக்காக அல்ல, கையில் வைத்து உருட்டி விளையாட வேறு பொருள் இல்லாததால் பொறுக்குகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கைக்கு வேலை கொடுத்தால் அறிவு வளரும் என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது.

அவருக்கு வழிகாட்டிகளாக அமைந்தவர்கள் இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள். ஒருவர் இட்டார். காட்டில் மனிதத் துணையின்றி வளர்ந்த ஒரு சிறுவனுக்குப் பேச்சும் பழக்கமும் கற்றுக்கொடுக்கப் பாடுபட்டவர். மற்றவர் அவருடைய சீடர் செகுவின். இருவரின் நூல்களையும் மாண்டிசோரி தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

அந்த முறைப்படி சாமான்கள் செய்து கற்பித்தார். புத்தி குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றக் குழந்தைகளுக்கு வைக்கும் பரீட்சையில் தேறினார்கள். ஊரே புகழ்ந்தது. அவருக்கோ வேறு கவலை. இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்யமுடியும் என்றால், நல்ல புத்தியுள்ள குழந்தைகளைப் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்கின்றன என்று யோசித்தார்.

மகன் பிறந்தான்

இந்த வேலையில் அவருடன் இருந்தவர் டாக்டர் மாண்டிசானோ. இருவரும் நேசித்தார்கள். 1898 மார்ச் 31-ல் ஆண் குழந்தை பிறந்தது. மேரியோ என்று பெயர். திருமணம் நடக்கவில்லை. திருமணம் ஆகாத தாய் என்று தெரிந்தால், அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் உத்தியோகமும் மானமும் ஒரே நாளில் போய்விடும். குழந்தை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் மாண்டிசானோ வேறு பெண்ணை மணந்தார். மாண்டிசோரி அந்த வேலையை விட்டே விலகினார். கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவ்வப்போது மகனைப் பார்த்துவருவார். தாம் யார் என்று சொல்லமாட்டார். யாரோ ஒரு சீமாட்டி வந்து போகிறாள் என்று பிள்ளை வளர்ந்தது.

ஏழைகள் குடியிருப்பில் ஒரு பள்ளி

ரோமாபுரியில் சான் லோரென்சோ என்ற பகுதி, ஏழைத் தொழிலாளிகள் வாழ்ந்த இடம். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடுவதும் சுவரைக் கிறுக்குவதுமாக இருந்தார்கள். பார்த்தார் கட்டடத்துக்காரர். பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் சுவராவது பிழைக்கும் என்று எண்ணி, மாண்டிசோரியை அழைத்தார்.

1907 ஜனவரி 6-ந் தேதி அந்தப் பள்ளி திறக்கப்பட்டது. சுமார் 50 குழந்தைகள். குழந்தைகள் இல்லம் என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே நடந்தவை மாண்டிசோரியையே வியக்க வைத்தன. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். முடித்ததும் எடுப்பாள், மறுபடி பொருத்துவாள். சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடவைத்தார்கள். அவள் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவளைப் போல மலர்ந்த முகத்துடன் நிமிர்ந்தாள். சின்னக் குழந்தைக்கு மனம் ஒரு இடத்தில் நிற்காது என்ற பழைய எண்ணம் அன்று பொய்யாயிற்று.

இன்னொரு நாள், சாமான் அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்றுமுதல் அலமாரிகள் தாழ்வாகவும் திறந்தும் வைக்கப்பட்டன. மேஜை நாற்காலிகள் குழந்தையின் அளவுக்குச் செய்யப்பட்டன. மிட்டாயும் பரிசும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பரிசும் தண்டனையும் எடுக்கப்பட்டன.

மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒருநாள் கைக்குட்டையை வைத்துச் செய்து காட்டினார். குழந்தைகள் கைதட்டி மகிழ்ந்தார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லாரும் திட்டினார்களே தவிர, எப்படித் துடைப்பது என்று அதுவரை யாரும் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

விரலால் தொட்ட எழுத்து

எழுத்துக்களை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை விரலால் தடவிக்கொண்டே எழுத்தின் ஒலியைச் சொல்லும். சில மாதங்கள் சென்றன. ஒருநாள் மொட்டை மாடியில் சாக்கட்டியால் புகைபோக்கியின் படம் வரைந்த சிறுவன் ஒருவன், திடீரென்று சொற்களை எழுதத் தொடங்கினான். அதைப் பார்த்து மற்றவர்களும் தரையெல்லாம் எழுதினார்கள். யாரும் எழுதச் சொல்லவில்லை.

தமிழருக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களில் விஜயதசமி அன்று குழந்தையை மடியில் வைத்து, பரப்பிய அரிசியிலோ நெல்லிலோ விரலைப் பிடித்து எழுதவைப்பது வழக்கம். அந்நாளைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆற்று மணலே சிலேட்டு. சென்னையில் அப்படி மணலில் எழுதிய பிள்ளைகளைப் பார்த்துத்தான், ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அந்த முறையை 1790-களில் இங்கிலாந்துக்குச் சொன்னார். மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்து தனியாகப் பிறந்தது. ஆனால் விரல் அறிந்ததை மனம் மறக்காது என்ற உண்மை இரண்டுக்கும் ஒன்றே.

தாயும் மகனும் சேர்ந்தார்கள்

மாண்டிசோரியின் புகழ் உலகெங்கும் பரவியது. 1912 டிசம்பரில் அவருடைய தாய் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்குப் பின், பார்க்கச் சென்ற மாண்டிசோரியிடம் மேரியோ நெருங்கிவந்தான். நீங்கள்தான் என் தாய் என்று எனக்குத் தெரியும் என்றான். அவனை அப்போதே தம்முடன் அழைத்துவந்துவிட்டார். பிரிவு தீர்ந்தது. வெளியாருக்கோ அவன் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன். மேரியோ தாயின் வலது கையாக, மொழிபெயர்ப்பாளராக, காரியதரிசியாக இருந்தார்.

இத்தாலியில் சர்வாதிகாரி முஸோலினி முதலில் மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தார். பிறகு பிள்ளைகளைத் தம் கட்சிக்கு ஏற்றபடி ஆட்டிவைக்க விரும்பினார். மாண்டிசோரி ஒத்துக்கொள்ளவில்லை. 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் வாழ்ந்தார். 1936-ல் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஹாலந்துக்குப் போனார்.

அடையாற்றில் கைதி

பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மாண்டிசோரியும் மேரியோவும் சென்னைக்கு வந்தார்கள். அருண்டேலின் மனைவிதான் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி. அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மேரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

சில மாதங்களே ஓடின. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவில், இத்தாலியர் எல்லாரும் எதிரிகள் ஆனார்கள். மேரியோவை ஆமதுநகர் முகாமில் அடைத்தார்கள். தாயை அடையாறு எல்லைக்குள் நிறுத்திவைத்தார்கள்.

எழுபது வயதை எட்டும் தாய். மொழி தெரியாத ஊர். மீண்டும் பிள்ளையைப் பிரிந்தார்.

ஆகஸ்டு 31 வந்தது. அன்று அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. உறவுக்காரன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் உலகம் அறிந்திருந்தவரை, சர்க்கார் தந்தி மகன் என்றே சொன்னது. நாற்பது ஆண்டுகளாகத் தாயின் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த பாரம் அன்று இறங்கியிருக்க வேண்டும்.

கொடைக்கானலில்

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே சிறு பள்ளி ஒன்று நடத்தினார்கள். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே அதில் உதவினார். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்றார்கள். செடியும் கொடியும் பூச்சியும் கல்லும் பாடமாயின. உலகத்தில் ஒன்றை ஒன்று சார்ந்தே எல்லாம் வாழ்கின்றன என்ற பாடத்தை அம்மையார் அந்த மலையில்தான் விரிவாக வகுத்தார்.

யுத்தம் முடிந்தபின் 1946-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். 1947-ல் மறுபடி இந்தியா வந்து, 1949 வரை பணிபுரிந்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சுற்றியுள்ளதை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது என்று விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல், 1949-ல் சென்னையில்தான் அச்சாயிற்று.

நோபல் சமாதானப் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் சொல்லப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6-ந் தேதி, ஹாலந்தில் கடலோர ஊர் ஒன்றில் காலமானார். அப்போது மேரியோ அருகில் இருந்தார். உயிலில் அவரை மகன் என்றே குறிப்பிட்டிருந்தார். மேரியோ 1982-ல் இறக்கும்வரை தாயின் பணியைத் தொடர்ந்தார்.

பெற்றோர் கவனிக்க

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதலாம், தடை இல்லை. ஆகவே பலகையை மட்டும் பார்த்துக் குழந்தையைச் சேர்ப்பது சரியல்ல. உள்ளே போய்ப் பார்க்கவேண்டும். சாமான்கள் குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா? குழந்தை தானே எடுத்துச் செய்து, தானே திருப்பி வைக்கிறதா? ஆசிரியை அதிகம் பேசுகிறாரா, அதிகம் கவனிக்கிறாரா? இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

பள்ளிக்கு அனுப்ப வசதி இல்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. பட்டாணி உரிப்பது, பருப்பில் கல் பொறுக்குவது, செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, கோலப் புள்ளி வைப்பது எல்லாம் குழந்தைக்குப் பாடங்களே. தண்ணீர் சிந்தினால் அடிக்காமல், துடைக்கத் துணி கொடுத்தால் அதுவும் ஒரு பாடம். அம்மையார் ரோமாபுரியின் ஏழைக் குழந்தைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவை இத்தகைய வீட்டு வேலைகளே.

குழந்தையை மரியாதையாக நடத்தவேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் சொன்னது. தம் குழந்தையைத் தொலைவில் விட்டு வாழ்ந்த தாய் அவர். குழந்தை அருகில் இருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?