புகையிலைக் கடையில் கதை கேட்ட சிறுவன்!



உங்களில் பலருக்குக் கதைப் புத்தகம் என்றால் உயிர். சித்திரக்கதையோ, மாயாஜாலக் கதையோ கையில் கிடைத்துவிட்டால் சாப்பாடுகூட மறந்துவிடும். பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்து, அம்மாவிடம் திட்டு வாங்கியவர்களும் இருப்பீர்கள்!

உங்களைப் போலவே கதைப் பைத்தியமாக இருந்த ஒரு சிறுவனைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். புத்தகம் வாங்க அவனிடம் காசு கிடையாது. ஆனாலும், நூற்றுக்கணக்கான கதைகளைப் படித்துத் தீர்த்தான். எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசையா? வாருங்கள்.

காசி நகருக்கு அருகே லம்ஹி என்று ஒரு கிராமம். அங்கே 1880ம் ஆண்டு, ஜூலை 31ம் நாள் அந்தச் சிறுவன் பிறந்தான். பெற்றோர் வைத்த பெயர் தன்பத்ராய். செல்லப் பெயர் நவாப். தந்தை தபால் அலுவலகத்தில் எழுத்தர். சம்பளம் குறைவு. பக்கத்து ஊரில் ஒரு மௌல்வியிடம் உருதுவும், பாரசீகமும் கற்றான் நவாப். மற்ற நேரமெல்லாம் கிட்டிப்புள்ளும் பட்டமும்தான்!

அவனுக்கு ஏழெட்டு வயதாகும்போது தாய் இறந்து போனார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். வீட்டில் அவனை மடியில் வைத்துக் கொஞ்ச யாரும் இல்லை. அந்தச் சமயத்தில் தந்தைக்குக் கோரக்பூருக்கு மாற்றல் வந்தது. அந்த ஊரில்தான் நவாப்புக்குக் கதைகளின் நட்பு கிடைத்தது.

அவனோடு படித்த ஒரு பையனின் தந்தை புகையிலைக் கடை வைத்திருந்தார். கடையில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் கதை வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். நவாப்பும் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்து கொள்வான். அங்கே வாசிக்கப்பட்ட கதையின் பெயர் 'திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா'. உருது மொழியில் பல பாகங்களாக வந்த மிகப் பெரிய மாயாஜாலக் கதை அது. மந்திரவாதிகள், மாயக்கோட்டைகள், எதைப் போட்டாலும் நிறையாத ஒரு பை வைத்திருக்கும் தந்திரக்காரன் அமர் என்று ஒரே அதிசயம்தான். நம் விக்கிரமாதித்தன் கதையைப் போலப் பத்து மடங்கு என்று நினைத்துக் கொள்ளுங்களேன்!

கேட்டதோடு ஆசை தீருமா? தானே படிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அந்த ஊர்க் கடைத்தெருவில் புத்திலால் என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். நவாப் அங்கே போய் உட்கார்ந்து நாவல்களைப் படிப்பான். ஆனால், நாள் முழுக்கக் கடையிலேயே இருக்க முடியுமா? பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

யோசித்தான். ஒரு வழி பிறந்தது. கடையில் ஆங்கிலப் பாடத்துக்கான உரைநூல்கள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொண்டு போய்த் தன் பள்ளி மாணவர்களிடம் விற்றுக் கொடுத்தான். அதற்குக் கூலியாக அவன் பணம் வாங்கவில்லை. நாவல்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தர அனுமதி வாங்கிக்கொண்டான். எப்படி இருக்கிறது பாருங்கள் யோசனை! இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நாவல்களைப் படித்து முடித்துவிட்டான். கடையில் நாவல்கள் தீர்ந்ததும், உருதுவில் வந்த புராணங்களைப் படிக்க ஆரம்பித்தான்.

படிக்கப் படிக்க எழுதும் ஆசையும் வந்தது. அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். வீட்டுக்கு வந்து தங்கும் உறவினர் ஒருவர், நீ கதைகளைப் படித்துக் கெட்டுப்போகிறாய் என்று அவனை எப்போதும் கண்டித்துக்கொண்டே இருப்பார். அவரைக் கேலி செய்து ஒரு நாடகம் எழுதி, அவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டான். அவர் அதைப் படித்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டார். நாடகமும் காணாமல் போனது. அவன் எழுதிய முதல் படைப்பு இப்படிக் காற்றோடு போயிற்று!

இதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. பதினைந்து வயதிலேயே அவருக்குத் திருமணம் செய்து வைத்துவிட்டனர். 1897ல் தந்தை இறந்தார். குடும்ப பாரம் முழுவதும் இளைஞர் தன்பத்ராய் தலையில் விழுந்தது. மெட்ரிக் தேறிய பிறகு கல்லூரியில் சேர விரும்பினார். கணக்குப் பாடம் தடுத்துவிட்டது. ஆம், கணக்கு என்றால் அவருக்கு இமயமலை போலத் தெரியுமாம்!

காசியில் ஒரு வழக்கறிஞரின் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மாதச் சம்பளம் 5 ரூபாய். குதிரை லாயத்துக்கு மேலே இருந்த சிறிய மண் அறையில் குடியிருந்தார். விரிப்பதற்கு ஒரு சாக்கு, படிப்பதற்கு ஒரு சின்ன விளக்கு. சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். கணக்குப் படிப்பதற்காகத்தான் நூலகம் போனார். ஆனால், கையில் எடுத்ததெல்லாம் நாவல்கள்! வங்க எழுத்தாளர் பங்கிம் சந்திரரின் நாவல்களை உருது மொழிபெயர்ப்பில் படித்தது அந்த நாட்களில்தான்.

1899ல் ஒரு குளிர்கால மாலை. கையில் காசே இல்லை. இரண்டு நாட்களாக வெறும் வறுத்த கடலைதான் உணவு. கடன் கொடுக்க ஆள் இல்லை. வேறு வழியின்றித் தன்னிடம் இருந்த கணக்கு உரைநூலை எடுத்துக்கொண்டு புத்தகக் கடைக்குப் போனார். 2 ரூபாய்க்கு வாங்கிய நூலை 1 ரூபாய்க்கு விற்றார். புத்தகத்தை உயிராக நினைத்தவர், பசிக்காகப் புத்தகத்தை விற்கும்போது மனம் என்ன பாடுபட்டிருக்கும், எண்ணிப் பாருங்கள்!

கடைப் படியை விட்டு இறங்கினார். அங்கே உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர், என்ன படித்திருக்கிறாய், வேலை பார்க்கிறாயா என்று விசாரித்தார். அவர் ஒரு சிறிய பள்ளியின் தலைமை ஆசிரியர்! சுனார் என்ற ஊரில் இருந்த அந்தப் பள்ளியில் மாதம் 18 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பயமுறுத்திக்கொண்டே இருந்த கணக்குப் புத்தகம் கடைசியில் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டது!

பிறகு பள்ளி ஆய்வாளர் ஆனார். நவாப்ராய் என்ற பெயரில் கதைகள் எழுதினார். 1908ல் வெளிவந்த 'சோஸ்-ஏ-வதன்' என்ற நூலில் தேசபக்திக் கதைகள் இருந்தன. ஆங்கில அரசு சும்மா இருக்குமா? மாவட்டக் கலெக்டர் அவரை அழைத்துக் கண்டித்தார். விற்காமல் இருந்த சுமார் 700 பிரதிகளையும் ஒப்படைக்கச் சொல்லி எரித்துவிட்டனர். இனி அனுமதி பெறாமல் எதையும் எழுதக்கூடாது என்றும் உத்தரவு போட்டனர்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாரா? இல்லை! 1910ல் பெயரை மாற்றிக்கொண்டு எழுதினார். அந்தப் பெயர்தான் பிரேம்சந்த்! இந்தியா முழுவதும் அறிந்த பெரிய எழுத்தாளர் அவரேதான்.

முதலில் உருதுவிலும், பிறகு இந்தியிலும் ஏறத்தாழ 300 சிறுகதைகளும், பத்துக்கு மேற்பட்ட நாவல்களும் எழுதினார். விடாமுயற்சியோடு படித்து 1919ல் பி.ஏ. பட்டமும் பெற்றார். 1921ல் கோரக்பூரில் காந்தியடிகளின் பேச்சைக் கேட்டு, அரசு வேலையை ராஜினாமா செய்தார். சிறுவயதில் கதைக்காகக் கடைகடையாக அலைந்தாரே, அதே ஊரில்தான்! பிறகு சொந்தமாக அச்சகமும், 1930ல் 'ஹம்ஸ்' என்ற பத்திரிகையும் நடத்தினார். அவற்றால் கடன்தான் மிஞ்சியது. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

இன்னொரு செய்தி. அவருடைய நாவலைத் தழுவித் தமிழில் 1938ல் 'சேவாசதனம்' என்ற திரைப்படம் வந்தது. எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மையார் நடித்த முதல் படம் அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிறுவயதில் அவர் விரும்பிப் படித்தது மந்திரவாதிக் கதைகள். ஆனால், பெரியவராகி எழுதியதோ ஏழை விவசாயிகள், கூலிகள், தாயில்லாப் பிள்ளைகள் ஆகியோரின் கதைகளை! 1933ல் வந்த 'ஈத்கா' கதையில் ஹமீத் என்ற ஏழைச் சிறுவன் வருவான். பெற்றோர் இல்லாத அவனைப் பாட்டிதான் வளர்க்கிறாள். ரம்ஜான் சந்தையில் மற்ற பிள்ளைகள் பொம்மையும் மிட்டாயும் வாங்குகிறார்கள். ஹமீத்திடம் இருப்பது மூன்றே பைசா. ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் சுட்டுக்கொள்வது அவன் நினைவுக்கு வருகிறது. அந்தக் காசுக்கு ஓர் இடுக்கி வாங்கிவந்து பாட்டியிடம் கொடுக்கிறான். பாட்டி முதலில் திட்டுகிறாள். காரணம் தெரிந்ததும் கண் கலங்கிவிடுகிறாள். படிக்கும் நமக்கும் கண் கலங்கும்.

மாயப் பையிலிருந்து வரும் அதிசயத்தைவிட, ஒரு சின்ன இடுக்கியில் இருக்கும் அன்பு பெரியது என்று அவர் எழுதிக் காட்டினார். தாயன்பு கிடைக்காமல் வளர்ந்தவர் அல்லவா? அதனால்தான் ஹமீத்தின் மனம் அவருக்குத் தெரிந்திருந்தது.

'கோதான்' என்ற புகழ்பெற்ற நாவல் வெளிவந்த 1936ம் ஆண்டிலேயே, அக்டோபர் 8ம் நாள் காசியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

செல்வங்களே! நீங்களும் எழுத்தாளராக வேண்டுமா? கிடைத்த கதைகளையெல்லாம் ஆசையோடு படியுங்கள். சித்திரக்கதையானாலும், பேய்க் கதையானாலும் பரவாயில்லை. காசு இல்லையென்றால் என்ன, பள்ளி நூலகம் இருக்கிறதே! எழுத உட்காரும்போது மட்டும் உங்கள் வீட்டையும், தெருவையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அங்கே ஒரு பாட்டி இருப்பாள். அவள் கையில் ஒரு கதையும் இருக்கும்.

அப்புறம், கணக்கையும் கொஞ்சம் கவனியுங்கள். கணக்குப் புத்தகத்தை விற்கப் போனால், எல்லோருக்கும் தலைமை ஆசிரியர் எதிரில் வந்து வேலை கொடுக்கமாட்டார்!