அக்காவுக்கு ஓர் எழுத்து



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டதும் இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் சிவகிரி மலைக்கோயில் பற்றி எழுதலாமா, லேப் அனுபவம் எழுதலாமா என்று மனசு அலைந்தது. கடைசியில், கல்கத்தாவில் பிறந்து 21 வயதிலேயே மறைந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். அவர் பெயர் தோரு தத். ஏன் அவர் என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று பீடித்தட்டை மடியில் வைத்தாள். நான் பத்து முடித்து பாலிடெக்னிக் வந்தேன். வீட்டிலேயே முதல்ல படிக்க வந்த பிள்ளை என்று தெருவில் எல்லோரும் என்னைத்தான் சொல்லுவாங்க. ஆனா பீஸ் கட்டுகிற நாள் வந்தால் அம்மா அக்காவின் முகத்தைத்தான் பார்ப்பாள்.

சின்ன வயசில் நானும் அக்காவும் டி.வி.யில் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் படம் பார்த்தோம். 2000-ல் வந்த படம். அக்கா தங்கை இரண்டு பேர் கதை. அது ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் 1811-ல் வெளியிட்ட ஒரு நாவலைத் தழுவியது என்று பின்னால்தான் தெரிந்தது. அதிலிருந்து அக்கா தங்கை கதை என்றால் எனக்கு ஒரு பைத்தியம். அப்படித் தேடிப் போனதில்தான் நம் நாட்டுத் தோரு தத் கிடைத்தார்.

தோரு 1856 மார்ச் 4-ம் தேதி கல்கத்தாவில் ராம்பகான் பகுதியில் பிறந்தார். தந்தை கோவிந்த சந்திர தத் கவிதை எழுதுகிறவர். 1862-ல் அந்தக் குடும்பம் கிறிஸ்தவ மதத்துக்கு மாறியது. மூன்று பிள்ளைகள்: அண்ணன் அப்ஜு, அக்கா அரு, கடைக்குட்டி தோரு. அண்ணன் 1865-ல் இறந்துபோக, வீட்டில் பெண்கள் இருவர் மட்டும் மிச்சம்.

1869-ல் தந்தை குடும்பத்தோடு கப்பலேறி ஐரோப்பா போனார். பிரான்சில் நீஸ் நகரத்தில் சகோதரிகள் இருவரும் சில மாதங்கள் பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் பார்த்த பள்ளிக்கூடம் அவ்வளவுதான்! மற்றபடி வீட்டில் படித்த படிப்பே. பிறகு லண்டன், கேம்பிரிட்ஜ். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று நடந்த விரிவுரைகளுக்கு இருவரும் போய்வந்தார்கள். 1873-ல் எல்லோரும் கல்கத்தா திரும்பினார்கள்.

அருவும் தோருவும் சேர்ந்தே படித்தார்கள். பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். தோரு நாவல் எழுதுவது, அரு அதற்குப் படம் வரைவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அரு மூத்தவர்தான். ஆனாலும் தங்கை பக்கத்தில் இருந்தால் தான் பின்னால் ஒதுங்கிக்கொள்வது அவருக்கு இயல்பாகவே இருந்தது என்று தந்தை பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் பீடி இலை கத்தரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

1874 ஜூலை 23. அரு காசநோயால் இறந்தார். அப்போது தோருவுக்கு வயது 18. என் வயதுதான். காசநோய்க் கிருமியையே ராபர்ட் காக் 1882-ல்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கு முன்னால் மருத்துவர்கள்தான் என்ன செய்வார்கள்? அருவின் படங்கள் வரையப்படாமலே நின்றுபோயின.

தோரு சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1876-ல் பிரெஞ்சுக் கவிதை மொழிபெயர்ப்புகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். கல்கத்தாவின் பவானிப்பூரில் ஒரு சாதாரண அச்சகத்தில் அச்சிட்டது. முன்னுரை கிடையாது, கண்ணைக் கவரும் அட்டையும் கிடையாது. அது லண்டனில் எட்மண்ட் காஸ் என்ற விமரிசகர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் அலட்சியமாகப் புரட்டியவர் படித்ததும் அசந்துபோய் ஒரு பத்திரிகையில் பாராட்டி எழுதினார். அவர் வியந்து எடுத்துக்காட்டியது விக்டர் ஹ்யூகோவின் ஒரு பாடலின் மொழிபெயர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், அதைச் செய்தவர் தோரு இல்லை, அரு!

இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தப் புத்தகத்தில் எட்டுக் கவிதைகள் அரு மொழிபெயர்த்தவை. அவற்றின் கீழே அக்கா பெயரின் முதல் எழுத்தைத் தோரு மறக்காமல் போட்டிருந்தார். இறந்துபோன அக்கா வந்து கேட்கப் போவதில்லை. போடாமல் விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் போட்டார்.

அடுத்து பியாங்கா என்ற நாவல். தோரு ஆங்கிலத்தில் எழுதி முடிக்காமல் விட்டது. இங்கிலாந்து கிராமம் ஒன்றில் குடியேறிய ஸ்பெயின் நாட்டுக்காரருக்கு இனெஸ், பியாங்கா என்று இரண்டு மகள்கள். அக்கா இனெஸை அடக்கம் செய்வதோடுதான் கதையே தொடங்குகிறது. அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த இங்கிராம் என்பவர் கொஞ்ச நாள் கழித்துத் தங்கையிடம் வந்து, தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். அக்காவின் சாயலைத்தான் அவர் தன்னிடம் தேடுகிறார் என்று பியாங்காவுக்குப் புரிந்துவிடுகிறது. மறுத்துவிடுகிறாள்.

போன தை மாதம் எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை என்னால் முடிக்க முடியாது. அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்தது அக்கா. காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி பையோடு உள்ளே நுழைந்தது நான். மறுநாள் தரகர் வந்து, படிக்கிற சின்னவளைத் தருவீங்களா என்று அவங்க கேட்டதாகச் சொன்னார். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஆச்சி, நல்ல இடம்தானே என்று இழுத்தாள். முடியாது என்று நான் கத்திவிட்டேன். நான் மறுத்தது அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நாலு நாள் அவள் என்னோடு பேசவே இல்லை. யாருடைய தப்பும் இல்லாமல் இரண்டு பேர் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிட்டது.

அஞ்சாவது நாள் ராத்திரி, அகராதியை வைத்துக்கொண்டு படித்த பியாங்கா கதையை, அக்கா பீடி சுற்றும்போது அவளிடம் சொன்னேன். தோரு கதையையும் சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்தப் பிள்ளை அக்கா பேரையும் புஸ்தகத்தில் போட்டுச்சா என்று. முதல் எழுத்தைப் போட்டது என்றேன். அக்கா தூளை உதறிவிட்டு, சோறு போடட்டுமா என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எங்கள் பேச்சு திரும்ப வந்தது.

தோரு பிறகு சமஸ்கிருதம் கற்றார். நம் புராணக் கதைகளை ஆங்கிலக் கவிதைகளாக்கினார். 1877 ஆகஸ்டு 30-ல் அதே நோய் அவரையும் கொண்டுபோனது. அதன் பிறகு அவருடைய காகிதங்களில் கிடைத்தவற்றைத் தந்தைதான் ஒவ்வொன்றாக வெளிக்கொண்டுவந்தார். 1878-ல் பியாங்கா ஒரு வங்காளப் பத்திரிகையில் வந்தது. 1879-ல் தோருவின் பிரெஞ்சு நாவல் பாரிசில் வெளியானது. பிரெஞ்சு மொழியில் இந்தியர் ஒருவர் எழுதிய முதல் நாவல் அது. 1882-ல் புராணக் கவிதைகள் லண்டனில் புத்தகமாயின. மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தகப்பன் மகளின் எழுத்தை அச்சுக்குக் கொண்டுபோனதை நினைத்தால் மனசு கனக்கிறது.

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். அந்த முதல் ஆளுக்காகப் பின்னால் ஒதுங்கி நின்ற ஓர் அக்காவோ அண்ணனோ தம்பியோ நிச்சயம் இருப்பார்கள். நாளைக்கு வரப்போகும் டிப்ளமோ சான்றிதழில் அவர்கள் பெயருக்கு இடம் கிடையாது. அக்காவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. அவளுக்கு நான் பட்ட கடனை இந்தக் கட்டுரை தீர்த்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். வேலைக்குப் போய்த்தான் தீர்க்க வேண்டும். இப்போதைக்கு என்னால் முடிந்தது, தோரு செய்த மாதிரி கட்டுரைக்குக் கீழே ஓர் எழுத்து. அருவுக்கும் அதுதான், என் அக்காவுக்கும் அதுதான்.

அ.